பந்து வெளியே போகும்வரை

பந்து ஒரே ஒரு தரம் வெளியே போய்த் தொலைந்தால் போதும். அதற்காகத்தான் எத்திராஜ் கோட்டோரம் நின்றிருந்தான், சாயங்கால வெயிலுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு, வாயில் போட்ட ஏலக்காயைக் கடிக்காமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டு. ஆளை மாற்றச் சொல்லியாகிவிட்டது. நான்காவது நடுவர் தன் பலகையில் சிவப்பில் எட்டு, பச்சையில் பதினேழு என்று வைத்து, இன்னும் தலைக்கு மேல் தூக்காமல், முழங்காலோடு சாய்த்துப் பிடித்திருந்தார். பதினேழு என்றால் அசார்; மேல் பனியனைக் கழற்றி வீசிவிட்டு நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தான். எட்டு என்றால் கஜா, உள்ளே ஆடிக்கொண்டிருக்கிறவன், நடுக்களத்துக்காரன், டீமுக்கு கேப்டன், எல்லாவற்றுக்கும் மேலே எத்திராஜின் பெண்டாட்டி குணவதிக்குத் தம்பி. பந்து கோட்டைத் தாண்டவேண்டும், இல்லையென்றால் ரெஃப்ரி விசில் ஊதவேண்டும்; ஆட்டம் ஒரு மூச்சு நின்றால்தான் ஒருத்தன் வெளியே வரவும் இன்னொருத்தன் உள்ளே போகவும் முடியும். சாதாரணமாக அதற்கு என்ன நேரமாகிவிடப் போகிறது? யாராவது ஒரு தடியன் வானத்தைப் பார்த்து ஒரு உதை விடுவான், பந்து கேலரிக்குப் பின்னால் டீக்கடைத் தகரத்தில் போய் விழும், அவ்வளவுதான். இன்றைக்கு என்னவோ பந்துக்கு வெளியே போகிற உத்தேசமே இல்லை. புல் செத்துப்போன மண்தரையில், சுண்ணாம்புக் கோட்டுக்கு உள்ளேயே, பழகின நாய் மாதிரி சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. காலையில் குணவதி தட்டில் இரண்டு வஞ்சிரத் துண்டு வைத்தாள். ஞாயிற்றுக்கிழமையில்கூட ஒன்றுதான் வைப்பாள். “தம்பிய இன்னிக்கு முழு மேட்ச்சும் உள்ளயே வச்சுக்கோ, இன்னா?” என்றாள், மீனைப் பார்த்துக்கொண்டே. “பாக்கலாம்” என்றான் இவனும், மீனைப் பார்த்துக்கொண்டே. பார்க்கலாம் என்று சொன்னவன் வஞ்சிரம் இரண்டையும் தின்றுவிட்டுத்தான் எழுந்தான். அது இப்போது நெஞ்சில் எதுக்களித்தது. மீன் எதுக்களிக்கிறதா, வார்த்தை எதுக்களிக்கிறதா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு புளிப்பு.

கேலரியில் மூன்றாவது படியில் ஒரு கறுப்புக் குடை விரிந்திருந்தது. அந்தக் குடைக்குக் கீழே கிடங்கு வாரியத்தின் நிர்வாக அதிகாரி திருவேங்கடம். வாரியத்து டீமில் ஆடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வருஷத்துக்கு வருஷம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு ஓடுகிறவர்கள். கால் இருக்கிறவரைக்கும் சோறு. இந்த வருஷம் நிரந்தரமாக ஒரே ஒரு வேலை விழுந்திருந்தது. கிடங்கு வாசலில் லாரி எண்ணுகிற வேலைதான், ஆனால் பர்மனென்ட்டு, ஆஸ்பத்திரிச் செலவு உண்டு, செத்தால் பெண்டாட்டிக்குப் பென்ஷன் உண்டு. கஜாவுக்கு வயசு வரம்பு இந்த சீசனோடு சரி. சீசனில் இதுதான் கடைசி மேட்ச். போன வாரம் திருவேங்கடம் எத்திராஜைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லாமலேயே பேசினார்: “உங்க மச்சான்னு சொல்றாங்க, இருக்கட்டும். முப்பத்துநாலு வயசு ஆளு முழு ஆட்டம் ஓடறானான்னு நானே வந்து பாக்கறேன். ஓடினா எழுதிடறேன். பாதியில வந்து உக்கார்ற ஆளுங்க ஆபீஸ்ல ஏற்கனவே நிறைய இருக்காங்க.” தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். எத்திராஜும் நின்றபடியே சிரித்துவைத்தான். ஆகக்கூடி, கஜாவை வெளியே எடுப்பது என்பது அந்த வேலையை அவன் வாயிலிருந்து எடுப்பது. இது எத்திராஜுக்குத் தெரியும், கஜாவுக்குத் தெரியும், குணவதிக்குத் தெரியும், அந்த இரண்டு துண்டு மீனுக்குக்கூடத் தெரியும். ஆனால் இன்னொரு பக்கமும் இருந்ததே. டீம் ஒரு கோல் பின்னால் இருந்தது. இப்படியே தோற்றால் அடுத்த வருஷம் கீழ் டிவிஷன். கீழ் டிவிஷன் டீமுக்குக் கோச் எதற்கு என்று எத்திராஜின் கையெழுத்தும் அத்தோடு நின்றுபோகும். ஒரு கோல் அடித்துச் சமன் செய்தால் போதும், தப்பிக்கலாம். நீலச்சட்டைக்காரர்களின் இடதுபக்கத்துக் காவலன் தொடையைப் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தான். அசார் மாதிரி ஒரு ஓட்டக்காரன் அந்தப் பக்கம் போனால் அவனைக் கிழித்துப் போட்டுவிடுவான். அப்படியானால் யாரை எடுப்பது? யாரைக் கேட்டாலும் மூச்சு வாங்குகிறவனை எடு என்பார்கள், கஜாதான் இடுப்பில் கையூன்ற ஆரம்பித்திருந்தான். எந்தக் கோச்சும் செய்கிற காரியம். நியாயம். நியாயமாக இருந்ததுதான் தொந்தரவு. ஒரு கெட்ட ஆசைக்கு இவ்வளவு கச்சிதமாக, அளவெடுத்துத் தைத்தது மாதிரி, ஒரு நியாயம் வந்து வாய்க்கக்கூடாது. கெட்ட ஆசை என்று யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. அவனாகத்தான் அந்த வார்த்தையை நினைத்தான், நினைத்துவிட்டு ஏலக்காயை அடுத்த கன்னத்துக்கு மாற்றினான்.

கல்யாணத்தன்று சாயங்காலம்தான் அது நடந்தது. நினைக்கக்கூடாது என்று ஒதுக்குகிறபோதெல்லாம் அதுதான் முதலில் வந்து நிற்கும், பல் போன இடத்தில் நாக்கு போய் நிற்கிற மாதிரி. வியாசர்பாடியில் பெண் வீட்டுச் சந்து. வாழைமரம், சீரியல் பல்பு, பட்டுவேட்டி. மாப்பிள்ளை பெரிய ஆட்டக்காரன், பேப்பரில் பெயர் வந்தவன் என்று சந்து முழுக்கப் பேச்சு. யாரோ ஒரு பந்தை உருட்டிவிட்டு “மாப்ள ஒரு வேல காட்டட்டும்” என்றான். இவனுக்கும் ஆசைதான். வேட்டியை மடித்துக் கட்டினான். குணவதி மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், தலையில் இருந்த பூ பாரத்தில் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு. எதிரே வந்தவன் கஜா, மூக்கொழுகுகிற பன்னிரண்டு வயசு, பெரியவன் யாருக்கோ தைத்த புதுச்சட்டை. எத்திராஜ் அவனுக்கு விளையாட்டுக் காட்டுவதாக நினைத்துக் காலை அகட்டி நின்றான். அந்தப் பயல் இப்படி ஒரு பார்வை பார்த்தான், பந்தைப் பாதத்தின் ஓரத்தால் ஒரு தொடு தொட்டான், அவ்வளவுதான், பந்து மாப்பிள்ளையின் இரண்டு காலுக்கும் நடுவில் போய் அந்தப் பக்கம் வாழைமரத்தில் முட்டி நின்றது. இவன் அதைத் தடுக்கப் போய் வேட்டி அவிழ்ந்து, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பினபோது சந்து முழுக்கச் சிரித்தது. அதெல்லாம் இருக்கட்டும். சந்து சிரிக்கும். குணவதியும் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு அல்ல, தலையைப் பின்னால் தள்ளி, தொண்டை தெரிய, பூ சரிய. இத்தனை வருஷத்தில் அந்த மாதிரி ஒரு சிரிப்பை இவன் அவளுக்கு உண்டாக்கிக் கொடுத்ததே கிடையாது. அன்றைக்கு ராத்திரி அறைக்குள் வந்தவளிடம் இவன் கேட்ட முதல் கேள்வி, “உன் தம்பி எந்த கிளாஸ் படிக்கறான்?” என்பதுதான். அடுத்த வாரமே அவனைக் கூட்டிக்கொண்டுபோய் ஆடக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தான். மச்சானுக்காக எவ்வளவு செய்கிறான் என்று மாமியார் தெருவெல்லாம் சொன்னாள். கற்றுக்கொடுப்பதில் ஒரு வசதி இருக்கிறது. அடிக்கலாம், திட்டலாம், தப்பு என்று சொல்லலாம், சரியாகச் செய்ததையும் தப்பு என்று சொல்லலாம். அவன் ஒருநாளும் எதிர்த்துப் பேசினதில்லை. மாமா மாமா என்று பின்னாலேயே வந்தான். அந்த மாமாவில் ஒரு துளி கிண்டல் இருந்திருந்தால் இவனுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

“இன்னா கோச்சு, பந்து வெளிய வரவே மாட்டேங்குது?” டீம் மேனேஜர் டில்லிபாபு பெஞ்சிலிருந்து எழுந்து வந்து பக்கத்தில் நின்றான். அவனுடைய கழுத்துத் துண்டிலிருந்து வலிக்களிம்பு வாசனை வந்தது. “அது வராது” என்றான் எத்திராஜ். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது. ஆமாம், வராது. கஜா பலகையைப் பார்த்துவிட்டான். எப்போது பார்த்தான் என்று சொல்லத் தெரியவில்லை, ஆனால் அசார் மேல் பனியனைக் கழற்றினபோது கஜாவின் தலை ஒரு நொடி இந்தப் பக்கம் திரும்பினது ஞாபகத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு அவன் அடித்தது எல்லாமே சின்னச் சின்ன அடி. பக்கத்தில் இருக்கிறவனுக்கு, பின்னால் இருக்கிறவனுக்கு, திரும்ப வாங்கி இன்னொருவனுக்கு. நீளமாக எதுவும் இல்லை, உயரமாக எதுவும் இல்லை. ஓரத்துக்குப் போகிற பந்தை ஓடிப்போய் முன்னாலேயே வாங்கி நடுவுக்குக் கொண்டுவந்துவிடுகிறான். நீலச்சட்டைக்காரர்களுக்கு இதில் நஷ்டம் ஒன்றுமில்லை. ஒரு கோல் முன்னால் இருக்கிறவர்கள், நேரம் போகட்டும் என்று தங்கள் பாதியில் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஆட்டக்காரன் வேறு என்னென்னவோ செய்வான், வெளியே எடுத்தால் தண்ணீர் பாட்டிலை உதைப்பான், சட்டையைக் கழற்றிக் கோச் மூஞ்சியில் எறிவான், ஆத்தாளையும் அப்பனையும் இழுப்பான். பந்தை உயிரோடு வைத்துக்கொண்டே தன்னை வெளியே எடுக்கவிடாமல் ஆடுகிறவனை எத்திராஜ் இப்போதுதான் பார்க்கிறான். வேறு எவனாலும் முடியாது. இது கால்வாய்க்கரைக்காரனால் மட்டும்தான் முடியும். அவர்கள் ஆடிப் பழகின இடத்தில் ஒரு பக்கம் ரயில்வே சுவர், மறுபக்கம் சாக்கடைக் கால்வாய். பந்தைக் கால்வாயில் அடித்தவன் அதற்குள் இறங்கி எடுத்துவரவேண்டும், எடுத்துவந்து கொடுத்துவிட்டு ஆட்டத்தைவிட்டுப் போய்விடவேண்டும். அதுதான் அங்கே சட்டம். இடுப்பளவு கறுப்புத் தண்ணீர், தோல் உரியும், ஒரு வாரம் அரிக்கும், சோறு தின்கிறபோது விரலில் நாறும். அதனால் அந்தக் கரையில் ஆடினவர்களுக்குக் கோல் அடிக்கத் தெரிகிறதோ இல்லையோ, பந்தை உள்ளேயே வைத்துக்கொள்ளத் தெரியும். தெரியாதவனுக்கு எத்திராஜ் தெரியவைத்தான். கஜாவை வேண்டுமென்றே கால்வாய்ப் பக்கம் நிறுத்தி, வேண்டுமென்றே கஷ்டமான பந்தாகக் கொடுத்து, எத்தனை தரம் இறக்கிவிட்டிருப்பான். இறங்கி ஏறி நடுங்கிக்கொண்டு நிற்கிறவனிடம், “பந்த வெளிய வுட்டா நீயும் வெளிய. மண்டையில ஏறுதா?” ஏறிவிட்டது. இத்தனை வருஷம் கழித்து எவ்வளவு நன்றாக ஏறியிருக்கிறது என்பதை அவன் கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருந்தான், உள்ளுக்குள் பெருமை மாதிரி ஒன்று புரண்டது, உடனே அதன் மேலேயே எரிச்சலும் வந்து படுத்துக்கொண்டது.

அப்போது நீலச்சட்டைக்காரர்களில் ஒரு முரடனுக்குப் பொறுமை போய்விட்டது. ஓடிவந்து பந்தை விட்டுவிட்டுக் கஜாவின் கணுக்காலிலேயே ஒரு உதை விட்டான். எலும்பில் பூட்ஸ் ஆணி பட்ட சத்தம் கோட்டோரம்வரை கேட்டது. அசார் பல்லைக் கடித்துக்கொண்டு “ஸ்ஸ்” என்றான். இப்போது விழுவான், விசில் ஊதும், முடிந்தது. ரெஃப்ரி விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். கஜா விழவில்லை. ஒரு காலில் இரண்டு நொண்டு நொண்டி, கையை முன்னால் நீட்டி, ஒண்ணுமில்ல ஒண்ணுமில்ல ஆடுங்க என்று ரெஃப்ரியிடம் சைகை காட்டிக்கொண்டே பந்தை அடுத்தவனுக்குத் தள்ளிவிட்டான். வெள்ளைச் சாக்ஸில் சிவப்பு மெதுவாக அகலமாகிக்கொண்டு வந்தது. ரெஃப்ரி விசிலைக் கீழே இறக்கினார். கேலரியில் விவரம் தெரியாத ஒருவன் எழுந்து நின்று கைதட்டினான். “பாத்தியா கோச்சு? ரத்தம் வருது, விழல” என்றான் டில்லிபாபு. அவன் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. “வேணான்னுடுவோம். பலகைய இறக்கச் சொல்லு. பாவம், வேலக்கி நிக்கறான்.” “வேலக்கி நிக்கறவன் மேட்ச்ச தோக்கடிக்கறான்” என்றான் எத்திராஜ். “தோக்கடிக்கறது அவனா? நீ வச்ச பலக தோக்கடிக்குது. அத்த இறக்கிட்டா அவன் பாட்டுக்கு முன்னாடி ஆடப் போறான்.” டில்லிபாபு முட்டாள்தான், ஆனால் முட்டாள்கள் சில சமயம் கல்லைச் சரியாக மண்டையிலேயே போடுவார்கள். நான்காவது நடுவரும் கை வலித்தோ என்னவோ பலகையை மற்ற முழங்காலுக்கு மாற்றிக்கொண்டு, மரியாதையாக, “சார், மாத்தணுமா, வேண்டாமா? வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க” என்றார். ஒரே ஒரு வார்த்தை. வேண்டாம் என்று சொன்னால் போதும், சொல்லாமல் கையை ஆட்டினால்கூடப் போதும். உள்ளே இருக்கிறவனுக்கு உயிர் வரும், தலையைத் தூக்கி முன்னால் பார்ப்பான், தொண்ணூறு நிமிஷம் ஆடினவனாக வெளியே வருவான், குடை தலையாட்டும், வீட்டில் வஞ்சிரம் தொடரும். எத்திராஜ் வாயைத் திறந்தான். “மாத்தணும்” என்றான். தன் குரல் எவ்வளவு சாந்தமாக வந்தது என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசிக்கத் தொடங்கினால் அது எங்கே எங்கேயோ கூட்டிக்கொண்டுபோய் நடுத்தெருவில் விட்டுவிடும். எத்திராஜும் எட்டாம் நம்பர்தான், ஒரு காலத்தில். கோல் அடித்தவனைத் தோளில் தூக்குவார்கள், கோல் தடுத்தவனை முதுகில் தட்டுவார்கள். நடுக்களத்துக்காரனை எவன் பார்க்கிறான்? இவனிடம் வாங்கி அவனிடம் கொடுத்து, அவனிடம் வாங்கி இவனிடம் கொடுத்து, தரகன் மாதிரி ஒரு ஆயுசு. மூன்று ஆபீஸுக்கு ஆடினான், மூன்றிலும் வருஷக் கையெழுத்து. கல்கத்தாவுக்கு ஒரு சீசன் போனான்; மழையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது தவிர ஊர் எதுவும் ஞாபகம் இல்லை, நனைந்த பூட்ஸுக்குள் விரல் ஊறிச் சுருங்கிக் கிழவன் விரல் மாதிரி ஆனது ஞாபகம் இருக்கிறது. அவனை யாரும் பலகை தூக்கி வெளியே எடுக்கவில்லை. அந்த மரியாதைகூட நடக்கவில்லை. ஒருநாள் காலையில் துவைத்துப் போட்ட ஜெர்சிக் குவியலில் கையை விட்டுத் தன் எட்டைத் தேடினான். எல்லோரும் அவரவர் நம்பரை எடுத்துக்கொண்டு போனார்கள், குவியல் குறைந்துகொண்டே வந்து கடைசியில் கீழே விரித்திருந்த பாய்தான் மிச்சம். நிமிர்ந்து பார்த்தால் எட்டு ஒரு புதுப்பையன் முதுகில் இருந்தது. அவன் யார் என்று கேட்டதற்கு, கூச்சப்பட்டுக்கொண்டு பேர் சொன்னான். எத்திராஜ் அவனுக்குக் கை கொடுத்தான். கை கொடுத்துவிட்டு, கழிவறைக்குப் போய், வெளியே வரத் தெரியாமல் மேட்ச் முடிகிறவரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தான், ஒவ்வொரு சத்தத்துக்கும் கோல் யாருக்கு என்று எண்ணிக்கொண்டு. அதற்குப் பிறகு கோச் படிப்பு, விசில், மஞ்சள் கோன்கள், ஆரம்பத்தில் பையன்கள் டீம், அப்புறம் இது. கஜாவுக்கு எட்டாம் நம்பரைக் கொடுத்ததும் எத்திராஜ்தான். அதைப் பாசம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். தான் கொடுத்ததைத்தான் திரும்ப வாங்கமுடியும் என்கிற யோசனை அப்போதே எங்காவது இருந்ததா? இல்லை, அப்படியெல்லாம் ஒன்றுமில்லை, மனுஷன் அவ்வளவு முன்கூட்டியா கெட்டவனாக இருப்பான்? ஆனாலும் கஜாவுக்கு வேலை கிடைத்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் எப்படி இருக்கும் என்று போன வாரமெல்லாம் அவன் படுத்துக்கொண்டு பார்த்துவிட்டான். பர்மனென்ட்டு மச்சான் இனிப்பு டப்பாவோடு வந்து உட்காருவான், குணவதி சிரிப்பாள், “மாமா, உனக்குக் கையெழுத்து வந்துச்சா இந்த வருஷம்?” என்று கேட்பான், அக்கறையாகத்தான் கேட்பான், அக்கறையாகக் கேட்பான் என்பதுதான் பிரச்சினை.

ஆட்டம் இப்போது வேறு மாதிரி ஆகிவிட்டிருந்தது. எத்திராஜ் தன்னையும் மீறி அதைப் பார்த்தான். மூச்சு வாங்குகிறான் என்று எவனை எடுக்கச் சொன்னானோ அவன், நொண்டிக்கொண்டே, எல்லா இடத்திலும் இருந்தான். பந்து யாரிடம் போனாலும் அடுத்ததாகக் கஜாவின் காலில்தான் வந்து விழுந்தது, அவன் அதைப் பார்க்காமலே எங்கே அனுப்பவேண்டுமோ அங்கே அனுப்பினான். இவ்வளவு அழகாக அவன் ஆயுசில் ஆடினதில்லை. எத்திராஜும் ஆடினதில்லை. இதெல்லாம் எங்கேயும் போகாத அழகு, கூண்டுக்குள்ளேயே சுற்றுகிற அழகு. கேலரிக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது, ஒவ்வொரு தொடுகைக்கும் “ஓ… ஓ…” என்று கூட்டமாகச் சத்தம் கொடுத்தார்கள். அப்புறம் அலுத்தது. “டேய் எட்டு, கோலு அந்தப் பக்கம்டா! யாராச்சும் அவனத் திருப்பி வுடுங்கடா!” என்று ஒருவன் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். குடை கொஞ்சம் பின்னுக்குச் சாய்ந்து திருவேங்கடத்தின் முகம் தெரிந்தது. பக்கத்தில் இருந்தவரிடம் என்னவோ கேட்டுக்கொண்டிருந்தார், கையால் பின்னோக்கிக் காட்டி. அந்தக் கை சொன்னது இவனுக்கு இங்கேயே கேட்டது: என்னய்யா, தோத்துட்டிருக்கும்போது பின்னாடியே கொடுத்துட்டிருக்கான்? அந்த நேரத்தில்தான் அது திறந்தது. நீலச்சட்டைக்காரர்கள் இரண்டு பேர் ஒருவனையே பார்த்து ஓடப்போய், நடுவில் கதவு திறந்த மாதிரி ஒரு சந்து விழுந்தது. பந்து கஜாவிடம். எதிரே கோல்காரன், அவனும் தப்பான பக்கத்தில். அந்த இடத்திலிருந்து கஜா தூக்கத்திலும் அடிப்பான். “அடிறா!” என்று பெஞ்சு முழுக்க எழுந்தது, அசார்கூடக் கத்தினான், எத்திராஜின் வலது கால் தானாகப் பின்னால் போய்த் தயாரானது. அடி. அடித்தால் கோல், கோலானால் இந்தப் பலகைக்கு அர்த்தமே இல்லை, நானே கையை ஆட்டி வேண்டாம் என்று சொல்லிவிடுவேன், சத்தியமாகச் சொல்லிவிடுவேன், அடிடா. கஜா காலைத் தூக்கினான். தூக்கின காலோடு ஒரு கணம் இந்தப் பக்கம் பார்த்தான், கோலை அல்ல, பலகையை. தவறிப்போனால் பந்து வெளியே. அந்தக் கணக்கு அவன் முகத்தில் நடப்பதை எத்திராஜ் பார்த்தான், கால்வாய்க்கரையில் நடுங்கிக்கொண்டு நின்றவனின் அதே முகம். கால் இறங்கியது. பந்தை உருட்டிப் பின்னால் கொடுத்துவிட்டான். சந்து மூடிக்கொண்டது. கேலரி சிரித்த சிரிப்பு இருக்கிறதே, டில்லிபாபு துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். “அய்யோ, கெடுத்துக்கிட்டானே” என்றான் துண்டுக்குள்ளிருந்து. எத்திராஜ் ஏலக்காயைக் கடித்தான். காரமாக, இனிப்பாக, வாய் முழுக்கப் பரவியது. தான் இனி எதுவுமே செய்யவேண்டியதில்லை என்று தோன்றியது. விட்டுவைத்தாலும் கஜாவின் வேலை போய்விட்டது, எடுத்தாலும் போய்விட்டது. இரக்கப்பட்டுப் பலகையை இறக்கினால்கூட இனிமேல் செலவில்லாத இரக்கம். ஆகவே இறக்கியிருக்கலாம். அப்போதும் அவன் வாய் ஏலக்காயைத்தான் மென்றுகொண்டிருந்தது.

பின்காவலில் இருந்த ஒரு மடையன், கஜாவுக்குக் கொடுப்பதாக நினைத்து, பந்தைக் கோட்டோரமாக வேகமாக உதைத்துவிட்டான். அது எத்திராஜ் நின்ற பக்கமாகவே வந்தது, கோட்டை ஒட்டி, மண்ணில் தத்தித் தத்தி. வெளியே போய்விடும் என்று அசார் ஒரு காலை முன்னால் வைத்தான், நான்காவது நடுவர் பலகையைத் தூக்கத் தயாரானார். கஜா ஓடிவந்தான். நொண்டுகிற கால் ஒரு பக்கம் இழுக்க, வாயைத் திறந்துகொண்டு, எச்சில் முகவாயில் வழிய, அந்த வெயிலில் அவன் ஓடிவந்த ஓட்டத்தில் ஆட்டக்காரன் என்று எதுவும் இல்லை. பஸ்ஸைத் தவறவிடுகிறவன் ஓடுகிற ஓட்டம். எத்திராஜுக்குக் கணக்குத் தெரிந்தது, நடுக்களத்துக்காரனுக்கு அது கண்ணிலேயே இருக்கும்: பந்து கோட்டைத் தாண்டாது. தாண்டுவதற்கு ஒரு விரற்கடை முன்னால் கஜாவின் கால் அதில் பட்டுவிடும், இழுத்து உள்ளே திருப்பிவிடுவான், மறுபடியும் முதலிலிருந்து. இரண்டு பேரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். “மாமா…” என்றான் கஜா, மூச்சுக்கு நடுவில். “வேணாம் மாமா…” எதை வேண்டாம் என்றான்? அது எத்திராஜுக்கே அப்போது தெரிந்திருக்கவில்லை, தெரியும் முன்னால் அவன் கால் போய்விட்டது. கோட்டைத் தாண்டி, உள்ளே. பந்தை உதைக்கவில்லை. உதைக்க யார் நினைத்தார்கள். பாதத்தை லேசாகத் தூக்கி, குதிகாலைத் தாழ்த்தி, வந்த வேகத்தையெல்லாம் கணுக்காலில் வாங்கிக் கரைத்து, உள்ளங்காலுக்குக் கீழே அதை அப்படியே சாகடித்தான். பந்து ஒரு அரிசி அளவுகூட நகரவில்லை. மைதானம் முழுக்க எதுவும் நகரவில்லை.

விசில் நீளமாக ஊதியது. ரெஃப்ரி அங்கிருந்தே சிவப்பு அட்டையைப் பையிலிருந்து உருவிக்கொண்டு ஓடிவந்தார். டில்லிபாபு தலையில் கையை வைத்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டான். நீலச்சட்டைக்காரர்கள் ரெஃப்ரியைச் சூழ்ந்துகொண்டு எங்களுக்கு ஃப்ரீ கிக் எங்களுக்கு ஃப்ரீ கிக் என்று கத்தினார்கள். கேலரியிலிருந்து ஒருவன், “யோவ் கோச்சு, நீயே எறங்கிடுய்யா!” என்றான். நான்காவது நடுவர் என்ன செய்வது என்று தெரியாமல், ஆட்டம் நின்றுவிட்டதே என்பதற்காகப் பலகையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார், சிவப்பில் எட்டு. அசார் யாரையும் பார்க்காமல், தலையைக் குனிந்துகொண்டு உள்ளே ஓடினான். “காலை எடுங்க சார், பந்திலேர்ந்து காலை எடுங்க” என்று ரெஃப்ரி சொல்லிக்கொண்டிருந்தார், அட்டையை இவன் முகத்துக்கு நேரே பிடித்தபடி. எத்திராஜ் எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றவில்லை. முழங்கால் விண்ணென்று தெறித்தது, ஆனால் உள்ளங்காலில், செருப்பின் தோலுக்கு அடியில், அந்த உருண்டை அத்தனை கச்சிதமாக உட்கார்ந்திருந்தது, அது இதயம் மாதிரி துடிக்கிறதோ என்றுகூட இருந்தது. அவன் நிமிர்ந்து கேலரியைப் பார்த்தான். குடை எங்கே என்று தேடினான். வேலையைப் பற்றி அல்ல, டிவிஷனைப் பற்றி அல்ல, குணவதி இன்று சாயங்காலம் கதவைத் திறக்கப்போகிற முகத்தைப் பற்றிக்கூட அல்ல; அவர் அதைப் பார்த்தாரா, பந்து நின்ற அந்த நிற்றலைப் பார்த்தாரா என்று தெரிந்துகொள்ளவேண்டியிருந்தது. கஜா கோட்டைத் தாண்டி வெளியே வந்து அவன் பக்கத்தில் நின்றான். குனிந்து இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி மூச்சு வாங்கினான். ரத்தம் சாக்ஸைத் தாண்டி பூட்ஸ் நாக்கில் சொட்டியது. அவன் எத்திராஜின் முகத்தைப் பார்க்கவில்லை, அவன் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், அதற்குக் கீழே அசையாமல் இருந்த பந்தை.

“நல்லா நிறுத்தின மாமா” என்றான்.

அதில் கிண்டல் இல்லை. ஒரு ஆட்டக்காரன் இன்னொரு ஆட்டக்காரனிடம் சொல்கிற மாதிரிதான் சொன்னான். எத்திராஜின் முகம் தன்னை அறியாமல் மலர்ந்தது. இல்லடா, கொஞ்சம் முன்னாடியே கால வச்சுட்டேன் என்று அடக்கமாகச் சொல்ல அவன் வாய் திறந்தது.